என் பூனை சாப்பிடும்போது பல்லை நறநறவென்று கடிக்கிறது, ஆனால் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும். இந்த வாரமே போங்கள். "நன்றாகத்தான் சாப்பிடுகிறது" என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, அதே வார்த்தையை நானும் ஏழு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. உங்கள் பூனைக்கு ஐந்தாறு வயதாவது ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலைந்து மாதக் குட்டி என்றால் பால்பல் 26-ம் விழுந்து புதுப்பல் முளைக்கிற நேரம், அது வேறு விஷயம்.

எங்கள் சாம்பிக்கு அப்போது ஒன்பது வயது. முதலில் சத்தம்தான் கேட்டது, செருப்புக்கு அடியில் மணல் அரைபடுவது மாதிரி. வீட்டில் பெரியவர்கள் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்றார்கள், சின்ன வயதில் எனக்கும் அதைச் சொல்லித்தான் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் பூச்சி மருந்து கொடுத்தோம், சத்தம் நிற்கவில்லை. அப்புறம் வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். எடை குறையவில்லை, தட்டு தினமும் காலியானது.

ஒருநாள் அவள் சாப்பிடுவதைத் தரையில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். உருண்டையை எடுத்தாள், தலையை இடது பக்கம் சாய்த்தாள், அது வாயிலிருந்து நழுவித் தட்டிலேயே விழுந்தது. மறுபடி எடுத்தாள். இந்த முறை நறநற என்று ஒரு கடி, உடனே தட்டு தன்னைக் கடித்துவிட்ட மாதிரி நாலடி பின்வாங்கி ஓடினாள், வாயோரத்தை முன்னங்காலால் தட்டிக்கொண்டாள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பவும் தட்டுக்கே வந்தாள். பசி இருக்கிறதே, என்ன செய்யும்? பிறகு மெல்லவே இல்லை, மீதி எல்லாவற்றையும் முழுசு முழுசாக விழுங்கினாள். தட்டு காலியானதன் கதை இதுதான். வலி இருந்தாலும் பூனை சாப்பிடும், வலிக்காத மாதிரி சாப்பிடப் பழகிக்கொள்ளும்.

அதற்கு மேலும் பத்து நாள் வீணானது. எங்களிடம் இருந்த நல்ல பூனைக்கூடையைத் தெரிந்தவர் ஒருவர் ஒரே நாள் வேண்டும் என்று வாங்கிப் போயிருந்தார். கேட்கும்போதெல்லாம் நாளைக்குத் தருகிறேன் என்பார். நாளைக்கு வந்துவிடும் என்றால் யார் இன்னொன்று வாங்குவார்கள்? கடைசியில் துணிக்கூடையில் போட்டு மேலே துண்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம், வழியெல்லாம் கத்தினாள். அந்தக் கூடை இன்றுவரை வரவில்லை. இரவல் வாங்குகிறவர்களுக்கு அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி, பூனை வளர்க்கிறவர்களுக்கு அதுதான் ஆம்புலன்ஸ்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் உதட்டை ஒதுக்கிக் காட்டினார். கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கிற முதல் பல்லில் ஈறு சிவந்து பல்லின் மேலே ஏறியிருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த இடத்தை லேசாகத் தொட்டதும் சாம்பியின் தாடை கிடுகிடுவென்று தானாக ஆடியது. அவள் கத்தவில்லை, தாடை மட்டும் ஆடியது. அதைப் பார்த்த நிமிடத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இதற்கு டூத் ரிசார்ப்ஷன் என்று பெயர். நமக்கு வருகிற சொத்தை இல்லை. பூனையின் உடம்பில் உள்ள செல்களே பல்லையும் வேரையும் கரைத்துவிடும், குழி நரம்பு வரை போனால் உயிர் போகிற வலி. வயது வந்த பூனைகளில் இது மிகவும் சகஜமாம், கீழ்த்தாடையில் அந்த இடத்துப் பல்லில்தான் அதிகம் வருமாம். நமக்கு அடைப்பது போல அடைத்தால் நிற்காது, பல் மேலும் மேலும் கரைந்துகொண்டே போகும், அதனால் எடுப்பதுதான் வழி. ஈறுக்குக் கீழே எவ்வளவு போயிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே பார்க்க நல்லதாக இருந்த இன்னும் இரண்டு பல்லும் உள்ளே கரைந்துபோயிருந்தன. மூன்றையும் எடுத்தார்கள், 30-ல் 27 மிச்சம்.

ஒன்பது வயதுப் பூனைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நானும் பயந்தேன், அன்று காலை முழுக்கக் கை நடுங்கியது. ஆனால் விழித்திருக்கிற பூனையின் வாய்க்குள் ஈறுக்குக் கீழே யாராலும் பார்க்க முடியாது. தினமும் பல் தேய்த்துவிட்டிருந்தால் வந்திருக்காது என்று சொல்ல வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: பல் தேய்ப்பது அழுக்குக்கும் ஈறு வீக்கத்துக்கும் நல்லது, நானும் இப்போது பூனைகளுக்கான பேஸ்ட் வைத்துத் தேய்க்கிறேன். இந்த நோய்க்கு உறுதியான காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் பூனைக்கு இதேதான் என்றும் சொல்லவில்லை. ஈறு முழுக்க வெந்துபோகிற நோய் இருக்கிறது, பல் உடைந்திருக்கலாம். சிறுநீரகம் கெட்டுக் குமட்டல் வந்தாலும் பூனை பல்லைக் கடிக்கும், அப்போது தட்டை முகர்ந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு விலகிப் போகும். வீட்டிலிருந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வலிக்கிறதே என்று நாம் போடுகிற பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கிற சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள், பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்.

பல் எடுத்த மூன்றாம் நாள் சாம்பி மெத்தென்ற சாப்பாட்டைச் சத்தமில்லாமல் சாப்பிட்டாள். இரண்டு வாரம் கழித்து சமையலறைக் கதவோரத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். அப்போதுதான் உறைத்தது, இப்படித் தேய்ப்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள், நான் கவனிக்கவே இல்லை.

போகும்போது, அது சாப்பிடுகிற வீடியோ ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேஜையில் எந்தப் பூனையும் பல்லைக் கடித்துக் காட்டாது. பக்கத்திலிருந்து, முகம் தெரிகிற மாதிரி, ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள், அந்தச் சத்தம் டாக்டருக்குக் கேட்க வேண்டும்.