லீவில் வேலை, ஜூனில் ஃபீஸ்: வாசகர் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் சேரப் போகிறேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– மாணவி, திருநெல்வேலி

கொடுக்கவே கூடாது. அரசுக் கலைக்கல்லூரிக் கலந்தாய்வுக்கு ஒரிஜினலோடு நேரில் போய் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, "சீசன் முடியட்டும்மா" என்று கடைக்காரர் இழுத்தடித்தால் சீட்டே போய்விடும். ஜெராக்ஸ் போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துவரவில்லையா, வேறு கடை பாருங்கள். சம்பளம் எந்தத் தேதி, லீவு போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், பாதியில் நின்றால் பாக்கி வருமா என்பதையெல்லாம் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு முதலாளி மழுப்பினால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் போட்டிருப்பார்கள், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அது வேறு கதை.

பதினாறு வயது மகனை லீவுக்குப் பட்டாசு ஆலைக்கு அனுப்பலாமா? கூலி நன்றாக வருகிறது.
– தந்தை, சிவகாசி

கூடாது. 18 வயது நிறையாதவர்களை வெடிபொருள் வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம்.

சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்தார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். அந்தப் பணம் போனதுதானா?
– மாணவர், கோவை

போகாது, உங்கள் பேரில்தான் இருக்கும். கடையில் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால், பிடித்ததைக் கட்டினார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். இரண்டு மாதம் வேலைக்குப் போனால் இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டிவிடலாம் என்கிறாள். நடக்குமா?
– தாய், விழுப்புரம்

அம்மா, அந்தச் சம்பளம் ஃபீஸுக்குக் காணாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஒதுக்கீட்டில் கிடைக்காவிட்டாலும், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வேலைக்குப் போகட்டும், தப்பில்லை. அந்தக் காசு பஸ், புத்தகம், துணிமணிக்கு ஆகும். ஆனால் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஜூனில் அங்கே நிற்கவே இடமிருக்காது.