சொல்லி எழுதுவதும் பழக வேண்டிய ஒன்றுதான்

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெருமூளை வாதத்தால் வலக்கை சரியாக இயங்காது, பேச்சில் தடையில்லை. சென்ற பருவத் தேர்வில் நானே எழுதியதால், 75 மதிப்பெண் தாளில் பத்து மதிப்பெண் கட்டுரைகள் மூன்றில் ஒன்றைத் தொடவே முடியவில்லை. இம்முறை ஸ்க்ரைப் (நான் சொல்வதைக் கேட்டு எழுதுபவர்) வைத்துக்கொள்ளும்படி பேராசிரியர் சொல்கிறார். வாயால் சொல்லிக் கட்டுரை எழுத வருமா என்ற பயமும், கூடுதல் நேரம் வாங்கினால் உடன் படிப்பவர்கள் சலுகை என்பார்களோ என்ற தயக்கமும் இருக்கின்றன. எப்படித் தயாராவது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தயக்கத்துக்கு இடமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 17ஆம் பிரிவில் கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதுபவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், ஸ்க்ரைப் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் கூடுதல் நேரம் தரச் சொல்லின. அந்தக் கணக்கில் மூன்று மணி நேரத் தேர்வு உங்களுக்கு நான்கு மணி நேரம் ஆகும். குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக மட்டும் ஸ்க்ரைப் மறுக்கக் கூடாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. மற்றவர்களின் பேச்சுக்குக் காது கொடுப்பதைவிட, தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் அண்மைச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கி, மருத்துவச் சான்றையும் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் இணைத்து இப்போதே விண்ணப்பியுங்கள். ஹால் டிக்கெட் வந்தபின் ஓடினால் கையெழுத்து வாங்கவே நாள் போய்விடும்.

உங்கள் பயம் மட்டும் நியாயமானது. கையால் எழுதும்போது, பாதி வாக்கியம் தாளில் இருக்கையில் மீதியை மனம் தேடிக்கொள்ளும். சொல்லும்போதோ முழு வாக்கியமும் வாயைத் திறக்கும் முன்பே உருவாகியிருக்க வேண்டும், பிறர் எழுதி முடிக்கும்வரை அடுத்ததை மனத்தில் நிறுத்தியும் வைக்க வேண்டும். இந்தத் திறமை படித்த பாடத்தோடு தானாக வந்துவிடாது. ஆகவே நன்றாகப் படித்துவிட்டு, ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காமல் தேர்வறைக்குப் போவதுதான் நான் காணும் பெரிய ஆபத்து. தொடக்கத்தில் கைபேசியில் பதிவு செய்து பழகுங்கள். உங்கள் வாக்கியங்கள் எங்கே முடியாமல் இழுபடுகின்றன என்பது கேட்கும்போதே தெரியும். அடுத்து, தங்கையோ தோழியோ யாரையாவது உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முழுக் கட்டுரையைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். உங்கள் பேச்சு வேகத்தை அல்ல, அவர் கை வேகத்தை வைத்தே நேரக் கணக்குப் போட வேண்டும் என்பது அப்போது விளங்கும்.

1800–1801 தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய கேள்வி வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே சொல்லத் தொடங்காமல், கடைசிப் பக்கத்தில் ஐந்தாறு சொற்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: கட்டபொம்மன் 1799, பாளையக்காரர் கூட்டணி, மருது சகோதரர்கள், 1801 ஜூன் திருச்சி அறிக்கை, தோல்விக்குக் காரணங்கள், வேலூர் 1806. அந்தக் குறிப்பைக் கண் முன் வைத்துக்கொண்டு சொன்னால் வரிசை குலையாது. முடிந்ததும் அதை அடித்துவிடச் சொல்லலாம். ஸ்க்ரைப் பெரும்பாலும் வேறு பாடம் படித்தவராகவே இருப்பார் என்பதால், ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். ‘காளையார்கோவில்’ என்பதில் எந்த ‘ள’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிழைக்கு மதிப்பெண் இழப்பவர் நீங்கள், அவர் அல்லர். பத்தி எங்கே முடிகிறது, எதை அடிக்கோடிட வேண்டும் என்பதையும் வாய்விட்டே சொல்லிப் பழகுங்கள்.

இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து, கட்டுரைகள் மூன்று என்ற வழக்கமான அமைப்புத்தான் உங்கள் தாளும் என்றால், 240 நிமிடத்தில் கட்டுரைகளுக்குத் தலா 40, ஐந்து மதிப்பெண் விடைகளுக்குத் தலா 12, குறுவிடைகளுக்குத் தலா மூன்று என ஒதுக்கலாம். எஞ்சும் அரைமணி நேரம் வினாத்தாளைப் படிக்கவும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும், உடலுக்கு ஓய்வு தரவும் போதும். சென்ற முறை விட்டது கட்டுரை என்பதால், அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். குரலும் கவனமும் தெளிவாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே மூன்றையும் முடித்துவிடுங்கள்.

நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தசைகள் இறுகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே கூடுதல் நேரத்தோடு தரைத்தள அறை, ஏற்ற உயரத்தில் மேசை, பக்கத்தில் கழிப்பறை ஆகியவற்றையும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். நீங்கள் குரல் விட்டுச் சொல்வதால் தனி அறையும் தேவை. ஸ்க்ரைப்பைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்க 2018 வழிகாட்டுதல்கள் இடம் தந்தன; உங்கள் தேர்வுக்கும் அதைக் கேளுங்கள். அந்தச் சந்திப்பில் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், ஒரு பக்கமாவது சொல்லி எழுதவைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: இதே ஏற்பாட்டை உள்மதிப்பீட்டுத் தேர்வுகளிலும் கேளுங்கள். பல மாணவர்கள் அங்கே எப்படியோ சமாளித்துவிட்டுப் பருவத் தேர்வில்தான் முதன்முறையாக ஸ்க்ரைப் அருகில் உட்காருகிறார்கள். துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். அனுமதி ஆணையின் நகல் இரண்டைத் தேர்வன்று கையில் வைத்திருங்கள். கண்காணிப்பாளர் மாறினாலும் உங்கள் தேர்வு முடியும் நேரம் மாறாது.