கேளுங்க சொல்றேன்: வானாக்ரை எப்படி உள்ள வந்துச்சு?

கேள்வி: 2017ல ஃபைல எல்லாம் பூட்டிட்டு பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் இங்கிலாந்து ஆஸ்பத்திரிங்களயே படுக்க வெச்சுதே, அங்க ஃபயர்வால், ஆன்டிவைரஸ் இல்லாமயா இருந்திருக்கும்? அப்புறம் எப்படி சார் உள்ள வந்துச்சு? (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: எல்லாம் இருந்துச்சும்மா. எவனோ மெயில்ல வந்த லிங்க்க கிளிக் பண்ணிட்டான்னுதான் நிறைய பேர் இன்னும் சொல்றாங்க, ஆனா வானாக்ரை பரவுறதுக்கு கிளிக்கே தேவைப்படல. விண்டோஸ்ல ஃபைல், பிரிண்டர் ஷேர் பண்ண எஸ்எம்பின்னு ஒண்ணு இருக்குல்ல, அதோட பழைய வெர்ஷன்ல ஒரு கணக்குப் பிழை, வர்ற டேட்டாவுக்கு எவ்ளோ இடம் ஒதுக்கணும்னு தப்பா கணக்கு போட்டுடும், மிச்சம் வழிஞ்சு பக்கத்து மெமரி மேல எழுதிடும், அப்படி வழியுறதுக்குள்ளயே ஒரு புரோகிராமை ஒளிச்சு அனுப்புனா விண்டோஸோட மையமான கெர்னலே அதை ஓட்டும், பாஸ்வேர்டும் கேக்காது. இந்த ஓட்டையை வெச்சு எடர்னல்புளூன்னு ஒரு ஆயுதம் செஞ்சு பத்திரமா வெச்சிருந்தது அமெரிக்காவோட உளவு அமைப்பான என்எஸ்ஏ. பத்திரம்னு அவங்க நினைச்சாங்க, அவ்ளோதான்! ஷேடோ புரோக்கர்ஸ்ங்கற கும்பல் அதை ஏப்ரல் 14 அன்னைக்கு நெட்ல கொட்டிடுச்சு.

ஃபயர்வால் வெளிய இருந்து வர்றதத்தான் பாக்கும். எஸ்எம்பிக்கான வாசல், அதாவது 445 போர்ட், வெளிய தெரியற மாதிரி ஒரே ஒரு மெஷின் இருந்தா போதும், அதுல ஏறிட்டு உள்நெட்வொர்க்ல இருக்கற மத்ததை எல்லாம் அதுவே தேடிப் போயிடும்.

வயித்தெரிச்சல் என்னன்னா மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லயே ஓட்டையை அடைக்கற பேட்ச் விட்டாச்சு, அடி விழுந்தது மே 12. எல்லாரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மேல பழிய போட்டாங்க, ஆனா மாட்டுனதுல பெரும்பாலும் விண்டோஸ் 7, பேட்ச் இருந்தும் போடாதது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர நினைச்ச நேரத்துக்கு ரீஸ்டார்ட் பண்ண முடியாதுதான், ஒத்துக்கறேன், அதுக்குன்னு ரெண்டு மாசமா? இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்கள நடத்தற அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸோட 236 டிரஸ்ட்ல 80க்குக் குறையாம பாதிப்பு, அஞ்சு ஏரியால அவசர சிகிச்சைக்கே நோயாளிங்க தூரமா போக வேண்டியதாச்சு.

கேள்வி: யாரோ ஒரு பையன் பத்து டாலர்ல இதை நிறுத்திட்டானாமே, நெசமா? (ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: நெசம்தான் தம்பி, 10.69 டாலர். மார்கஸ் ஹட்சின்ஸ்ங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், அப்போ 22 வயசு. வைரஸ் ஓடுறதுக்கு முன்னாடி வாய்க்கு வந்தபடி எழுதுன மாதிரி ஒரு நீளமான வெப் அட்ரஸ் பதில் சொல்லுதான்னு பாக்குது, அதை யாருமே வாங்கி வெக்கலன்னு தெரிஞ்சதும் இவரு வாங்கிட்டாரு, பதில் வந்ததும் வைரஸ் தானா அடங்கிடுச்சு. ஏற்கெனவே பூட்டுன ஃபைல் எல்லாம் போனது போனதுதான். இதுல கூத்து என்னன்னா, வைரஸோட அட்ரஸ்தானேன்னு அதை ஃபயர்வால்ல பிளாக் பண்ணா பதில் வராது, பதில் வரலன்னா அது பாட்டுக்கு ஓடும். அதனால தயவுசெஞ்சு அந்த அட்ரஸ பிளாக் பண்ணாதீங்கன்னு ஊரு ஊரா சொல்ல வேண்டியதாச்சு.