மூளைக்குள் வைக்கும் ஊசி: இரண்டு கேள்விகள்

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. பைக் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கை கால் அசைவில்லாமல் படுத்திருக்கிறான். பேச்சு நன்றாக வருகிறது. மூளையில் சிப் வைத்தால், நினைப்பதைக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்குமாமே? அவனுக்கு அது கிடைக்குமா? – ஓர் அக்கா, தேனி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. பணம் கட்டிச் செய்துகொள்ளும் சிகிச்சையாக அது நம் நாட்டில் இன்னும் வரவில்லை. வெளிநாடுகளிலும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு முன்வந்த சிலருக்குத்தான் வைத்திருக்கிறார்கள். வைத்துத் தருகிறேன் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. பார்க்கின்சன் நோய்க்கான மூளை அறுவை சிகிச்சைகளில், பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்து மூளையின் நரம்புச் செல்களின் சத்தத்தைக் கேட்பது பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. நோயாளி விழித்திருப்பார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது, தலையின் தோலை மரக்கச் செய்தால் போதும். முடியைவிட மெல்லிய முனை கொண்ட ஊசி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு செல் மின்சாரமாகத் துடிப்பது ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட்தான். அதன் மின்னழுத்தம் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அதைப் பெருக்கி ஸ்பீக்கரில் விடுவோம். தேடுகிற இடத்துக்கு ஊசி வந்ததும், அதுவரை அடங்கியிருந்த சத்தம் தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல் அடர்த்தியாகிவிடும். அப்போது நோயாளியின் மணிக்கட்டை மெல்ல அசைத்தால், சில செல்களின் துடிப்பு அந்த அசைவோடு சேர்ந்து ஏறும். ஒரு கையின் அசைவு ஸ்பீக்கர் வழியாக நம் காதுக்கு வருகிறது! எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது சலித்ததே இல்லை.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு அறுந்திருப்பது கழுத்தில் இருக்கிற பாதை. 'கையைத் தூக்கு' என்று கட்டளை போடும் மூளைப் பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்தக் கட்டளையை மூளையிலேயே பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதுதான் இந்த முயற்சி. 2004இல் அமெரிக்காவில் மேத்யூ நேகிள் என்ற இளைஞருக்கு 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்றை வைத்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான அதில், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளமில்லாத 100 ஊசிகள். அவரும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். நினைப்பாலேயே திரையில் அம்புக்குறியை நகர்த்தி மெயில் திறந்தார். பக்கவாதத்தால் ஏறக்குறைய 15 வருடங்களாகக் கை அசையாத ஒரு பெண், நினைப்பால் இயங்கும் ரோபோ கையால் பாட்டிலை எடுத்துத் தானே காபி குடித்ததை 2012இல் வெளியிட்டார்கள். 2021இல் ஒருவர், கையால் எழுதுவதுபோல் மனத்தில் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்துகள் எழுதினார்.

அப்படியானால் ஏன் இன்னும் எல்லோருக்கும் வரவில்லை? செல்லைக் கேட்பதைவிடக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் கடினம் என்பேன். ஓர் ஊசிமுனைக்குத் தெளிவாகக் கேட்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்கிற செல்கள் மட்டுமே. மூளையோ மிக மென்மையானது, ஒவ்வொரு மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் லேசாக அசைவது. சிலிக்கான் ஊசி விறைப்பானது. உரச உரச, ஊசியைச் சுற்றித் தழும்புபோல் ஒரு திசு மூடிக்கொள்கிறது, பக்கத்துச் செல்கள் நலிகின்றன, சத்தம் மங்குகிறது. அதற்காகத்தான் நியூராலிங்க் நிறுவனம் வளையும் இழைகளுக்குப் போனது. 2024இல் முதல் மனிதருக்கு வைத்தபோது, சில வாரங்களில் அந்த இழைகளில் பலவும் இடம்விட்டுப் பின்வாங்கின. மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தார்கள். முன்பு சொன்ன பெண் காபி குடித்தபோது, அவருக்கு ஊசிகள் வைத்து 5 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. சத்தம் குறைந்தும் வேலை நடந்தது என்பதால் எனக்கு நம்பிக்கை பெரிதாகவே இருக்கிறது.

அதுவரை? தம்பிக்குப் பேச்சு வருகிறது என்கிறீர்கள். குரலாலேயே போனை இயக்கும் வசதி பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது. இன்றைக்கே செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். கண் அசைவால் கம்ப்யூட்டரை நகர்த்தும் கருவிகளும் உண்டு. மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் அசைத்துவிடுங்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுங்கள். இதில் ஒரு நாளும் சோர்ந்துவிடாதீர்கள், அம்மா.

கேள்வி: இப்படி ஊசி வைத்தால் மனத்தில் இருக்கிற ரகசியங்களையும் படித்துவிடுவார்களா? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். இந்த ஊசிகள் கேட்பது சில நூறு செல்களை, அதுவும் கை அசைவு, பேச்சு போன்ற ஒரு சிறு பகுதியில். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் காண அதே நபர் உட்கார்ந்து, ஒத்துழைத்து, கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும். பழைய நினைவையோ ரகசியத்தையோ தோண்டி எடுக்க வழியில்லை.

ஆனாலும் உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வாய் அசைக்காமல் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தைகளையும் ஓரளவு பிடிக்க முடிகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள். அதோடு, கருவி வைத்திருப்பவர் ஒரு கடவுச்சொல்லை மனத்தில் நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும் என்று ஒரு பூட்டும் செய்து பார்த்தார்கள். அந்தப் பூட்டு விருப்பப்பட்டால் போடுவதாக இருக்கக் கூடாது, எல்லாக் கருவியிலும் சட்டப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.