வைஃபை பிரிண்டர் திடீரென்று 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. போர்டு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர் என்றும், கணினியில் விண்டோஸ் இருக்கிறது என்றும், நேற்று வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் கணினியைத் தொடாமல், பிரிண்டரின் கண்ணாடியின் மேல் ஒரு தாளை வைத்து நகல் எடுத்துப் பாருங்கள். நகல் சுத்தமாக வந்தால் அச்சிடும் பகுதியில் பழுதில்லை. அடுத்து, பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடுங்கள் (திரை இல்லாத மாடல்களில் இதற்கென ஒரு பொத்தான் அல்லது இரண்டு பொத்தான்களின் சேர்க்கை உண்டு, கையேட்டில் இருக்கும்). அதில் உங்கள் வைஃபையின் பெயரும், 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) இருந்தால், வைஃபை பகுதியும் உயிரோடுதான் இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போதும் போர்டைக் குறை சொல்வதற்கு முன் வைஃபையில் ஒருமுறை புதிதாக இணைத்துப் பார்க்க வேண்டும்.

நான் பொறியாளர் அல்ல. வீட்டிலேயே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன், ஏனெனில் இதே வசனத்தை எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே கேட்டிருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், மாலையில் மின்சாரம் போய் வந்த பிறகு, வினாத்தாள் அச்சிடக் கட்டளை கொடுத்தால் 'ஆஃப்லைன்' என்றே வந்துகொண்டிருந்தது. வந்த மெக்கானிக் கணினியின் கறுப்புத் திரையில் பிரிண்டரின் பழைய ஐபி முகவரிக்கு 'பிங்' (அந்த முகவரியில் கருவி ஏதும் இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை) கொடுத்தார்; உடனே பதில் வந்தது. "பாருங்க மேடம், நெட்வொர்க் சரியா இருக்கு, அப்போ போர்டுதான் போச்சு" என்று சொல்லி, புதுப் பிரிண்டரின் விலையில் பாதிக்கும் மேல் ஒரு தொகையைச் சொன்னார். பார்வைக் கட்டணத்தை மட்டும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் பிரிண்டரிடமிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எனக்குள் இருந்தது. கணக்கு வாத்தியார் புத்தி. நிரூபிக்காத வரியைத் தாண்டிப் போகாது. பிரிண்டரின் மின்கம்பியையே பிடுங்கிவிட்டு அதே முகவரிக்கு மறுபடியும் 'பிங்' கொடுத்தேன். மின்சாரமே இல்லாத பிரிண்டர் சளைக்காமல் பதில் சொன்னது! வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தபோது, தொலைக்காட்சியை அணைத்ததும் பதில் நின்றது.

நடந்தது இவ்வளவுதான். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கொடுக்கிறது; பல வீட்டு ரவுட்டர்கள் மின்சாரம் போய் வந்தால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுகின்றன. முந்திக்கொண்ட தொலைக்காட்சிக்குப் பழைய முகவரி போய்விட்டது, பிரிண்டருக்கு வேறொன்று கிடைத்தது, கணினி மட்டும் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினால் சில நேரம் சரியாவதும் இதனால்தான்: நிறுவும்போது அது பிரிண்டரைப் புதிதாகத் தேடி, அன்றைய முகவரியை எழுதிக்கொள்கிறது. அடுத்த மின்தடையில் தொல்லை திரும்பி வரும்.

நிலையான தீர்வு இரண்டு பகுதி கொண்டது. உலாவியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), டிஹெச்சிபி (முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும்) பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில், விவரத் தாளில் உள்ள மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) எழுதி, பிரிண்டருக்கென ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டு, பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு விண்டோஸில் 'பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்' சென்று, 'போர்ட்ஸ்' பகுதியில் (கணினி பிரிண்டரை அடையும் வழிதான் போர்ட்; மெக்கானிக் சொன்ன போர்டு வேறு) 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்' ஒன்றைச் சேர்த்து, ஒதுக்கிய முகவரியைக் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கும் போர்ட் தேர்வாகியிருந்தால், அதை விட்டு இதற்கு மாறுவதே நல்லது. அது பிரிண்டரை நெட்வொர்க்கில் தானே தேடிக் கண்டுபிடிக்கும் முறை, தேடல் தவறினால் நன்றாக இருக்கும் பிரிண்டரையும் ஆஃப்லைன் என்றே காட்டும். இத்தனைக்குப் பிறகும் ஆஃப்லைன் என்றால், அதே போர்ட்டின் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' (பிரிண்டரின் நிலையைக் கணினி விசாரிக்கும் முறை) என்பதில் உள்ள குறியை எடுத்துப் பாருங்கள்.

ஐபி முகவரியை பிரிண்டரிலேயே நிலையாக எழுதிவிடலாமே என்று யாராவது வருவார்கள். எழுதலாம், ஆனால் அது ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் வரம்புக்குள் அமைந்துவிட்டால், அதே எண்ணை ரவுட்டர் வேறொரு கருவிக்கும் கொடுக்கக்கூடும். யூஎஸ்பி கம்பி போட்டால் முடிந்தது என்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை, கணினியும் பிரிண்டரும் ஒரே மேசையில் இருந்தால் அதுவே உத்தமம்; எங்கள் வீட்டில் பிரிண்டர் மாடியில் இருக்கிறது. கணினி விருந்தினர் வைஃபையில் இருந்தாலோ, அலுவலக விபிஎன் (கணினியை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தாலோ நான் சொன்ன எதுவும் பலிக்காமல் போகலாம், ஆகவே அவற்றை முதலில் விலக்கிவிடுங்கள். பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும் என்பதால், ரவுட்டரில் அதை யாரும் அணைத்துவிடவில்லையா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரியாகி அச்சு வந்த பிறகும் ஸ்கேன் மட்டும் வராமல் போனால் பயப்பட வேண்டாம். பல மாடல்களில் ஸ்கேன் மென்பொருள் பிரிண்டரின் முகவரியைத் தனியாக வைத்திருக்கும். அதன் அமைப்பிலும் புதிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.