சூழ்ச்சி என்ன பிழை செய்தது?

கேள்வி: எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டறிக்கையில் 'ஸ்ட்ராட்டஜி' என்பதற்குச் 'சூழ்ச்சி' என்று எழுதினேன். "மானத்தை வாங்குகிறீர்களே, 'வியூகம்' என்று மாற்றுங்கள்" என்கிறார் செயலாளர். எது சரி?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: 'உத்தி' என்று எழுதிவிடுங்கள், பொருளும் கெடாது, செயலாளரும் அமைதி அடைவார். ஆனால் 'சூழ்ச்சி'யை அவர் வசைச்சொல்லாகக் கருதியதைப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலையாக நிற்கிறாரே வள்ளுவர், அவர் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறார். ஆராய்ந்து எண்ணுவதன் முடிவு, இதைச் செய்வோம் என்ற துணிவை அடைவது; அப்படித் துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்று அந்தக் குறள் முடிகிறது. இதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது? மன்னனுக்குக் கண்ணாக விளங்கும் அமைச்சர்களையே அவர் 'சூழ்வார்' என்றுதான் குறிக்கிறார். 'மறந்தும் பிறன்கேடு சூழற்க' என்னும்போதும் தீமை 'கேடு' என்ற சொல்லில் இருக்கிறதே ஒழிய, சூழ்தலில் இல்லை. அதனால்தான் அதே குறளில், கேடு நினைத்தவனுக்குக் கேட்டைச் சூழ்வது அறமாகவே இருக்க முடிகிறது.

'தந்திரம்' பட்ட பாடும் இதுவே. நன்னூல் 32 தந்திர உத்திகளைச் சொல்கிறது. அங்கே தந்திரம் என்றால் நூல். திருமந்திரம் 9 தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. நம் கன்னட அண்டை வீட்டார் தொழில்நுட்பத்தைத் 'தந்த்ரஜ்ஞான' என்றும் மென்பொருளைத் 'தந்த்ராம்ஶ' என்றும் பெருமையோடு வழங்குகிறார்கள். நாமோ அந்தச் சொல்லை நரிக்குக் கொடுத்துவிட்டோம்.

'வியூகம்' எனக்கு உடன்பாடில்லை. அது போர்க்களத்தில் படையை நிறுத்தும் அமைப்பு. சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்து வெளிவரத் தெரியாமல் மாண்ட அபிமன்யுவின் கதையை அறியாத தமிழர் இல்லை. எந்த அமைப்பில் நிற்பது என்று முன்கூட்டி எண்ணுகிறோமே, அந்த எண்ணம்தான் ஸ்ட்ராட்டஜி. தேர்தல் செய்திகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. உறுப்பினர் சேர்க்கைக்கும் நூலகத்துக்கும் திட்டமிடும் மன்றத்துக்கு, எதிரே ஒரு பகைவர் படை நிற்பதாகக் காட்டும் சொல் எதற்கு?

பெயர்ச்சொல் கறைபட்டாலும் வினைச்சொல் இன்னும் தூய்மையாகவே இருக்கிறது. 'செயற்குழு கூடிச் சூழ்ந்து எடுத்த முடிவுகள்' என்று அறிக்கையில் ஒரு தலைப்பு வையுங்கள். செயலாளரும் மறுக்க மாட்டார்.