பழைய பெட்டியில் கிடைத்த கடிதங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டணத்தில் இருந்த தம்பிக்கு எழுதிய கடிதங்கள் பரணில் கிடைத்தன. ஒன்றில் ‘தாது ௵ தை ௴ ௰௨ ௳’ என்று மட்டும் இருக்கிறது. இங்கிலீஷ் வருஷம் இல்லை. எந்தக் காலத்துக் கடிதம் இது?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰ என்று தனி எழுத்து. அதன் பின்னால் ௨ வந்தால் 12, முன்னால் வந்தால் (௨௰) 20. ஆக, தாது வருஷம் தை மாதம் 12-ஆம் தேதி.

அறுபது வருஷச் சுற்றில் தாது பத்தாவது. 1816, 1876, 1936 என்று திரும்பத் திரும்ப வரும். பட்டியலைப் பார்த்துவிட்டு ‘1876 ஜனவரி’ என்று குறித்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வருஷம் சித்திரையில் பிறக்கிறது; தை வருவதற்குள் இங்கிலீஷ் வருஷம் மாறிவிடும். ஆகவே 1817, 1877, 1937 மூன்றில் ஒன்றின் ஜனவரி.

தேதியிலும் ஒரு வழுக்கல் உண்டு. இன்றைய காலண்டர்ப்படி தை 12 என்றால் ஜனவரி 25 என்று எண்ணத் தோன்றும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொங்கல் ஓரிரு நாள் முன்னதாகவே வந்தது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள்தான். 1877 என்று கொண்டால் உங்கள் கடிதம் ஜனவரி 23-ஐ ஒட்டியது, அன்று செவ்வாய்க்கிழமை. கடிதத்தில் கிழமை இருந்தால் ஒத்துப்பாருங்கள். ஆனால் கிழமையை மட்டும் நம்பாதீர்கள். 1817-இலும் இந்த நாள் பக்கத்துக் கிழமையிலேயே விழுகிறது. திதியோ நட்சத்திரமோ கூட இருந்தால்தான் பிடி கிடைக்கும்.

மூன்றில் எது என்பதைக் காகிதமும் விஷயமும் சொல்லும். தலை பதித்த தபால் முத்திரை (ஒட்டும் ஸ்டாம்பு) இருந்தால் 1817 போய்விட்டது. நாடு முழுவதற்கும் ஒரே தபால் கூலி 1854 அக்டோபர் 1 முதல்தான். கடிதம் கார்டாக இருந்தால் 1877-உம் போய்விட்டது. காலணா கார்டு புழக்கத்துக்கு வந்தது 1879 ஜூலையில். தபாலில் ‘மணியார்டர் வந்து சேர்ந்தது’ என்ற ஒரு வரி இருந்தால், அநேகமாக 1880-க்குப் பிந்தியது. அதற்கு முன்பு பெரும்பாலும் உண்டியல் (வியாபாரிகள் எழுதிக் கொடுக்கும் பணச் சீட்டு), இல்லையென்றால் ஊருக்கு வரும் ஆள் கையில் கொடுத்தனுப்புவது. ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது 1856-இல். ரயிலேறி வரச் சொல்லும் கடிதம் அதற்குப் பிந்தியது. நெல் விலையையும் மழை பொய்த்ததையும் பத்திக்குப் பத்தி எழுதியிருந்தால் 1877 என்றே கொள்ளலாம். தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில் எழுதியது அது.

கேள்வி: ‘கரடு’ விற்றதாக ஒரு கடிதம், ‘காடு’ விற்றதாக இன்னொன்று. கையெழுத்து ஒன்றுதான். எது சரி?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: எழுதியவர் இரண்டிலும் ஒன்றையே எழுதியிருப்பார், படித்தவர்தான் பிரித்துவிட்டார். அந்தக் காலக் கையெழுத்தில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளி வைக்கும் வழக்கமும் இல்லை. ‘அவவிடததுககெழுதவும’ என்று எழுத்துகள் சங்கிலியாக வரும். வாய்விட்டுப் படித்தால்தான் ‘அவ்விடத்துக்கெழுதவும்’ என்று காதில் விழும். எகர ஏகார வித்தியாசமும் பல கைகளில் இல்லை. ‘செவல்’ என்பது செவலைமாடா, சேவற்கோழியா என்பதை அடுத்த சொல்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஆள் எழுதிய கடிதங்களிலிருந்து சந்தேகமில்லாத சொற்களை எடுத்து, எழுத்து எழுத்தாக ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கடிதம் தாண்டினால் கை பிடிபடும். நிலத்துக்கு மட்டும் ஊகம் வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேடுகள் இருக்கின்றன. கிராமப் பெயரும் தாலுகாவும் தெரிந்தால் அந்த நிலம் என்ன வகை என்று பார்த்துவிடலாம்.

கேள்வி: ‘நெல்லு கலம் ௫, பணம் ௮’ - இன்றைய கணக்கில் எவ்வளவு?
- வாசகர், பெரம்பூர்

பதில்: வாய்பாட்டுக் கணக்கு சுலபம். 1 கலம் 3 தூணி, 6 பதக்கு, 12 குறுணி (மரக்கால்), 96 நாழி. 5 கலம் என்றால் 60 குறுணி. கிலோவுக்கு மாற்றும்போதுதான் சிக்கல். மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறு. செங்கல்பட்டு மரக்காலை வைத்துத் தஞ்சாவூர்க் களத்து நெல்லை அளக்கக் கூடாது. எந்த ஊர் அளவு என்று தெரியாவிட்டால் கலத்தைக் கலமாகவே குறித்துவையுங்கள். தவறான கிலோவைவிட அது மேல்.

பணம் என்பது இங்கே காசின் பெயர். பட்டணத்துக் கணக்கில் 42 பணம் ஒரு வராகன். வராகன் மூன்றரை ரூபாய். ஆக 12 பணம் ஒரு ரூபாய். கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) 1818-இல் ரூபாய்க்கு மாறிய பிறகும் கிராமத்து வாயில் பணமும் வராகனும் வெகுகாலம் இருந்தன. எட்டுப் பணம் முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு: பத்தணா எட்டுப் பைசா (அணாவுக்கு 12 பைசா என்ற பழைய கணக்கு).

‘மா’ என்ற சொல்லிலும் கவனம். எண்ணில் அது இருபதில் ஒரு பங்கு. நிலத்தில் வேலி என்ற அளவின் இருபதில் ஒரு பங்கு. சென்னைப் பக்கம் வேலி இல்லை, காணி. ஒரு காணிக்கு 24 மனை. இன்று புரோக்கர்கள் சொல்லும் 2,400 சதுர அடி கிரவுண்டு அந்த மனையேதான்.

கேள்வி: ‘இனி நாட்பெயிட்டாக அனுப்பாதே’ என்று கோபமாக எழுதியிருக்கிறாரே?
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: ‘நாட் பெய்டு’ (not paid) என்பதுதான் அது: முத்திரை ஒட்டாமல் போட்ட கடிதம். வாங்குகிறவர் இரட்டைக் கூலி கட்ட வேண்டும். 1854 கூலிப்படி கால் தோலா எடைக்கு, அதாவது மூன்று கிராமுக்குள், அரையணா. ஓரத்திலும் தலைகீழாகவும் நுணுக்கி எழுதியிருப்பதற்கும் இந்தக் கால் தோலாதான் காரணம். தலைப்பில் ‘ம-௱-௱-ஸ்ரீ’ என்று இருப்பது (௱ நூறுக்கான எழுத்து) நூறு நூறு இல்லை. மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம்.

கேள்வி: மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்யலாமா? மூலையில் மஞ்சள் கறையும் இருக்கிறது.
- வாசகி, திருவான்மியூர்

பதில்: கூடாது. லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது. பிறகு பிரிக்க முடியாது. செல்லோ டேப் இன்னும் மோசம். சில வருஷத்தில் பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. கிழிந்ததைக் கிழிந்தபடியே அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். உறைமேல் பென்சிலால் மட்டும் எழுதவும், அதுவும் கடிதத்தை உள்ளே வைப்பதற்கு முன்பு.

மடிப்பு விறைத்திருந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அது இரும்புச் சத்துள்ள மை. ஈரம் பட்டால் பரவும், காகிதத்தை அரிக்கும். அப்படிப்பட்டதை விரிக்கும் வேலையைப் பழக்கமுள்ளவர் கையில் விடுங்கள். விரிந்திருப்பதை உடனே போட்டோ எடுங்கள்: ஒன்று நேர் வெளிச்சத்தில், ஒன்று பக்கவாட்டு வெளிச்சத்தில். மங்கிய கீறலும் முத்திரையின் அழுத்தமும் இரண்டாவதில்தான் தெரியும்.

பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். பெட்டிக்குள் கடிதங்களோடு ஓலை இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள். ஓலைக்குப் பூசும் எலுமிச்சைப்புல் தைலம் காகிதத்தில் பட்டால் எண்ணெய்க் கறைதான் மிஞ்சும்.

மஞ்சள் கறையைத் துடைக்க வேண்டாம். கல்யாணம், சீமந்தம் போன்ற சுபச்செய்தி என்று தடவிய மஞ்சள் அது.